சிரிப்பு யாரை மன்னிக்கிறது?

'மெமரீஸ் ஆஃப் மர்டர்' படத்தின் முதல் பாதியைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது கடினம். தென்கொரியாவின் ஹ்வாசங் பகுதியில் 1986 முதல் 1991 வரை பத்துப் பெண்கள் கொல்லப்பட்ட உண்மை வழக்கை வைத்து போங் ஜூன்-ஹோ 2003-இல் எடுத்த படம் இது. கொலையாளியின் காலடித் தடத்தின் மேல் டிராக்டர் ஏறிப் போகிறது. சியோலிலிருந்து வந்த அதிகாரியையே குற்றவாளி என்று நினைத்து உள்ளூர் போலீஸ்காரர் பாய்ந்து உதைக்கிறார். துப்பு கிடைக்காதபோது குறி கேட்கப் போகிறார்கள். போகப் போகப் படம் இருண்டு, கடைசியில் மூச்சு முட்டுகிறது. இந்த ஏற்ற இறக்கம் கலைக்குறையா என்பது சிறிய கேள்வி. செத்தவர்கள் நிஜமானவர்களாக இருக்கும்போது இந்தச் சிரிப்பு தகுமா என்பதே கனமான கேள்வி.

தகும் என்று சொல்ல வலுவான காரணம் உண்டு. அடிக்கிற போலீஸ்காரரை அரக்கனாகக் காட்டினால், பார்ப்பவர் அவரிடமிருந்து விலகி நிம்மதியாக உட்கார்ந்துவிடலாம். சோங் காங்-ஹோ நடித்த பார்க் அப்படிப்பட்டவர் அல்ல. பழக இனியவர், முகத்தைப் பார்த்தே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று நம்புகிறவர். எதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு இளைஞர்களை மேலதிகாரி அவருக்குக் காட்டுகிறார். ஒருவன் பாலியல் வன்கொடுமை செய்தவன், மற்றவன் அந்தப் பெண்ணின் சகோதரன். எவன் எவன், சொல் பார்க்கலாம். விடையைச் சொல்லாமலே காட்சி முடிகிறது. அதற்குள் பார்த்துக்கொண்டிருப்பவரும் மனத்துக்குள் ஒருவனைக் குற்றவாளியாக்கியிருப்பார். இவ்வளவு தூரம் நம்மை உள்ளே இழுத்துவிட நகைச்சுவையால்தான் முடியும்.

ஆனால் விசாரணை அறைக்குள்ளும் அதே சிரிப்பு தொடர்கிறது. அங்கே மாட்டியிருப்பவன் பேக் குவாங்-ஹோ, மனவளர்ச்சி குன்றிய இளைஞன். உதைக்கிற காவலர் தன் பூட்ஸுக்கு உறை மாட்டிக்கொள்கிறார். அடி முடிந்ததும் அடித்தவர்களும் அடிபட்டவனும் சேர்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டபடியே டிவியில் போலீஸ் தொடர் பார்க்கிறார்கள். 'நைஸ்' என்று எழுதிய போலி நைக்கி ஷூ அவனுக்குப் பரிசாகக் கிடைக்கிறது. காட்டில் குழி தோண்டி மிரட்டுகிறார்கள். அவன் உளறியதெல்லாம் கண்ணால் கண்ட சாட்சி என்பது பிறகுதான் புரிகிறது. புரியும் நேரத்தில் அவன் ரயிலில் அடிபட்டுச் சாகிறான். படம் அவனுக்காக அதிகம் நிற்பதில்லை. அடுத்த சந்தேக நபரை நோக்கி ஓடுகிறது, நாமும் கூடவே ஓடுகிறோம்.

இந்த ஓட்டம்தான் உறுத்துகிறது. நிஜ வழக்கில் எட்டாவது கொலை 1988-இல் நடந்தது. பலியானவள் 13 வயதுச் சிறுமி. மறு ஆண்டு, இளம்பிள்ளை வாதத்தால் கால் தாங்கி நடந்த 22 வயதுத் தொழிலாளி ஒருவர் கைதானார். தூங்கவிடாமல் அடித்து வாக்குமூலம் வாங்கினார்கள் என்று அவர் பின்னாளில் சொன்னார். சுமார் 20 ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு 2009-இல் பரோலில் வெளியே வந்தார். 2003-இல் கொரிய அரங்குகள் பேக் வாங்கிய உதைக்குச் சிரித்த நாட்களில், அதே மாதிரி உதையின் பலனை ஒருவர் கம்பிகளுக்குப் பின்னால் அனுபவித்துக்கொண்டிருந்தார்.

போங்குக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. ஏட்டில் அது முடிந்துபோன வழக்கு. போலீஸ் அடியால் வருகிற வாக்குமூலம் பொய்யாகலாம் என்பதையோ படமே காட்டுகிறது. அதற்காக அதைப் பாராட்டத்தான் வேண்டும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. அடித்தவருக்குப் பின்கதை உண்டு, கைவிட்ட தொழில் உண்டு, ஆண்டுகள் கழித்து அதே வயலோரத்துக்குத் திரும்பி வந்து கேமராவை நேராகப் பார்க்கும் கடைசி ஷாட் உண்டு. சிரிப்பு சம்பாதித்துக் கொடுத்த பரிவு முழுவதும் அவர் கணக்கில் சேர்கிறது. அடிபட்டவன் பாதியிலேயே கதையிலிருந்து போய்விடுகிறான். கொல்லப்பட்ட பெண்களுக்கு அந்தப் பாதிகூட இல்லை.

கொலையாளி அரங்கில் இருக்கலாம் என்று எண்ணியே அந்தக் கடைசிப் பார்வை வைக்கப்பட்டது. 2019-இல் மரபணுச் சோதனை ஆளைக் காட்டியபோது, மனைவியின் தங்கையைக் கொன்றதற்காக 1994 முதலே அவர் சிறையில் இருப்பது தெரிந்தது. படத்தைச் சிறையில் பார்த்ததாகவும் மனத்தில் எந்த உணர்வும் எழவில்லை என்றும் 2020 நவம்பரில் அவர் நீதிமன்றத்தில் சொன்னார். அவர் சாட்சி சொல்ல வந்தது எட்டாவது வழக்கின் மறுவிசாரணைக்கு. அடுத்த மாதம், 53 வயதில், அந்தத் தொழிலாளி குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. நீதிபதி அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.