துளை போடும் இயந்திரத்துக்குச் சாதி உண்டா?

கைத்தொழில் செத்துப்போச்சு என்று அழுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஆணி ஒன்றுகூட இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நிற்கிற நிலைக்கதவைத் தடவிக் காட்டி, 'இந்தக் கை இனி எங்கே வரப் போகுது, மிஷின் வந்து எல்லாத்தையும் கெடுத்துடுச்சு' என்கிறார்கள். கதவு நல்ல கதவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதவு எந்தத் தெருவில் நின்றது? யாரைப் பார்த்துச் சாத்தப்பட்டது? அதைச் செய்கிற உரிமை யாருக்கு இருந்தது? இதையெல்லாம் கேட்காமல் நாமும் கூடச் சேர்ந்து ஒப்பாரி வைக்க முடியுமா? அதற்காக, 'இயந்திரத்துக்குச் சாதி கிடையாது' என்று கைதட்டிவிட்டு எழுந்து போய்விடவும் முடியாது. இரண்டுமே அவசரப் பதில்கள்.

முதலில் வேலையைப் பார்ப்போம். ஒரு சட்டத்தில் சதுரமாகத் துளை எடுப்பது, இன்னொரு சட்டத்தின் முனையை இரண்டு பக்கமும் சீவி நாக்குபோல நீளும் கழுந்தாக்குவது, கழுந்தைத் துளைக்குள் இறக்குவது. கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தடித்துப்போனால் துளை எடுத்த சட்டம் பலவீனப்படும், மெலிந்துபோனால் கழுந்து முறியும். உளியையும் கொட்டாப்புளியையும் வைத்து இதைச் சரியாகச் செய்யக் கை பழகுவதற்குப் பல வருடங்கள் ஆகும். அந்த வருடங்கள் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போயின. எங்கள் பக்கத்து ஊர்களில் சேரிக்காரன் மரம் வெட்டினான், சுமந்தான், ரம்பம் இழுத்தான். உளி மட்டும் அவன் கைக்கு வரவில்லை. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே ஒருவரோடு ஒருவர் சேர முடியாமல் பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இல் சொன்னதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டியதில்லை.

இப்போது மரப்பட்டறைகளில் துளை போடுவதற்கு ஓர் இயந்திரம் இருக்கிறது. உள்ளே கூடாக இருக்கும் சதுர உளி, அதற்குள் சுழலும் ட்ரில். ட்ரில் வட்டமாகத் தோண்டும்போதே உளியின் நான்கு விளிம்புகளும் மூலைகளைச் சீவிச் சதுரமாக்கிவிடும். கைப்பிடியை இழுத்து இறக்கினால் போதும். யார் இழுத்தாலும் இறங்கும். கழுந்து அறுக்க வட்ட ரம்பம் இருக்கிறது, பெரிய ஆலைகளில் அதற்கென்றே தனி இயந்திரம். ஆக, பரம்பரை பரம்பரையாகக் காத்துவந்த கைப்பழக்கத்தை ஒரு மோட்டார் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டது. இதில் நமக்குச் சந்தோஷம் இல்லையென்றால் பொய். 1945இல் காந்தியத்தை விமர்சித்தபோது அம்பேத்கர் இயந்திரத்தின் பக்கம்தான் நின்றார். உழைக்கிறவனுக்கு ஓய்வும் பண்பாட்டு வாழ்வும் வேண்டுமென்றால் இயந்திரம் வேண்டும், கேடு இயந்திரத்தில் இல்லை, அதைச் சிலரின் சொத்தாக்கி வைத்திருக்கிற சமூக அமைப்பில் இருக்கிறது என்பது அவர் வாதம்.

அந்தச் சமூக அமைப்பு பட்டறைக்குள் எப்படி வேலை செய்கிறது? காலனிப் பையன் ஒருவன், எட்டு வருடமாகத் துளை போடுகிறவன், என்னிடம் சொன்னான்: "வேலை தெரியும்ணே. ஒரு நாளைக்கு எத்தினி துளைன்னு எண்ணவே முடியாது. ஆனா உளி மாத்தணும்னா மேஸ்திரி வருவாரு. அந்நேரம் பாத்து என்னைய டீ வாங்கியாரச் சொல்லுவாரு. வந்து பாத்தா செட்டிங் முடிஞ்சிருக்கும்."

இந்த 'செட்டிங்' என்ன பெரிய ரகசியம்? உளி பின்தடுப்புக்கு நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் திரும்பினாலும் துளையின் பக்கங்கள் படிப்படியாகப் பல் விழும். ட்ரில்லின் வாய் உளியின் வாயைவிட ஒரு மயிரிழை வெளியே இருக்க வேண்டும். இரண்டும் உரசினால் சூடேறிக் கருகும். துளையின் அளவை உளி முடிவு செய்துவிடுவதால், முதலில் துளை எடுத்துவிட்டு அதற்குப் பொருந்தக் கழுந்தை அறுக்க வேண்டும். கழுந்து கை அழுத்தத்துக்கு இறங்க வேண்டும், அடித்து இறக்கினாலும் தப்பு, தானாக விழுந்தாலும் தப்பு. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் சில நாட்களில் பிடிபடுகிற விஷயம்தான். எட்டு வருடமாக யாரும் சொல்லவில்லை. இயந்திரம் வந்தால் திறமை தேவையில்லை என்பது பொய். திறமை கையை விட்டு செட்டிங்குக்கு இடம் மாறியிருக்கிறது. சாதியும் கூடவே இடம் மாறியிருக்கிறது.

இந்த இயந்திரங்களின் பிறப்பையும் தெரிந்துகொள்வது நல்லது. ஃபூக்கோவைப் படித்த தோழர்களுக்கு பனாப்டிகன் தெரியும். நடுவில் ஒரு கண்காணிப்புக் கோபுரம், சுற்றிலும் அறைகள் என்று ஜெரமி பெந்தாம் வரைந்த சிறை. அந்த யோசனையின் மூலம் அவருடைய தம்பி சாமுவேல் பெந்தாம். அதே சாமுவேல் 1793இல் மரவேலை இயந்திரங்களுக்குக் காப்புரிமை வாங்கினார். தொழில் தெரியாத கைதிகளை வைத்து மரவேலை வாங்குவது என்பது அண்ணன் தம்பியின் திட்டம். சிறை கட்டப்படவில்லை, ஆனால் யோசனை சாகவில்லை. சாமுவேல் அதிகாரியாக இருந்த இங்கிலாந்துக் கடற்படையின் போர்ட்ஸ்மத் தளத்தில், மார்க் புருனல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லே செய்த இயந்திரங்கள் வந்தன. கப்பிக் கட்டையில் உருளை உட்காரும் துளையை எடுக்கிற இயந்திரமும் அவற்றில் ஒன்று. 1808இல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள். தேர்ந்த தொழிலாளர் 110 பேர் செய்த வேலையைத் தொழில் பழகாத 10 பேர் செய்தார்கள்.

ஆக, 'யார் வேண்டுமானாலும் செய்யலாம்' என்கிற வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. பிறப்பால் தடுக்கப்பட்டவன் காதுக்கு அது 'நீயும் உள்ளே வா'. முதலாளி வாயில் அது 'நீ போனால் இன்னொருத்தன்'. நாம் முதல் அர்த்தத்தைக் கேட்டு உள்ளே நுழைகிறோம், கூலி இரண்டாவது அர்த்தத்தில் கிடைக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மரத்தில் துளை போட இருநூறு வருடங்களுக்கு முன்பே இயந்திரம் வந்துவிட்டது. மலக்குழிக்குள் ஏன் இன்னும் மனிதன் இறங்குகிறான்? 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். ஆனாலும் சாவு நிற்கவில்லை. இயந்திரம் செய்யத் தெரியாமலா? இல்லை. கூலி ஏறுகிற இடத்தைத் தேடித்தான் முதலாளி இயந்திரத்தைக் கொண்டுவருகிறான். தேர்ந்த தச்சனின் கூலி கசந்தது, அதனால் இயந்திரம் வந்தது. நம் உயிரையே சாதி மலிவாக்கி வைத்திருக்கிறது, அதனால் இயந்திரம் வரவில்லை. கைத்தொழிலின் அழகுக்கு அழுகிறவர்கள் யாரும் மலக்குழியில் 'கை' போய்விடுமே என்று அழுததில்லை!

அரசுகளும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. 1953இல் ராஜாஜி, பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். குலக்கல்வி என்று தமிழகம் எதிர்த்தது, 1954இல் காமராசர் ஆட்சியில் அது போயிற்று. 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. தச்சு முதல் செருப்புத் தைப்பது வரை 18 தொழில்கள், குடும்ப வழியில் வரும் பாரம்பரியத் தொழில் என்பதே அதன் அடிப்படை. 15,000 ரூபாய்க்கு நவீனக் கருவி, ஆனால் பழைய குடும்பம். இன்றைய வடிவில் இதை ஏற்க முடியாது என்று 2024இல் தமிழக அரசு சொன்னது சரியே. கருவியை மாற்றிக்கொடுத்து, அதைப் பிடிக்கிற ஆளை மட்டும் பிறப்பிலேயே நிறுத்திவைப்பது முன்னேற்றம் ஆகாது.

இதனால் ஆசாரி நமக்கு எதிரி என்று யாரும் வாசிக்க வேண்டாம். இயந்திரத்தால் உளியை இழந்து அதே பட்டறையில் கூலியாக நிற்கிற ஆசாரியும் இருக்கிறார். அவர் தனக்குத் தெரிந்ததைக் காலனிப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு பேரும் சேர்ந்து கூலி கேட்க முடியும். டீ வாங்க அனுப்பினால் இரண்டு பேருமே மலிவு.

ஆகவே பழைய கதவுக்காக அழுவதைவிட நமக்கு அவசரமான வேலை உண்டு. ஐ.டி.ஐ.யிலும் பட்டறையிலும் நம் பிள்ளைகளுக்கு செட்டிங் சொல்லித்தரப்படுகிறதா, வரைபடம் அவர்கள் கைக்கு வருகிறதா, இயந்திரம் வாங்க அவர்களுக்குக் கடன் கிடைக்கிறதா, மலக்குழிக்கு முதலில் இயந்திரம் வந்ததா என்று நம் சங்கங்கள் கேட்க வேண்டும். இடஒதுக்கீட்டில் வேலை கேட்பது போலவே, வேலைக்குள் இருக்கிற அறிவிலும் பங்கு கேட்க வேண்டும். அதைக் கேட்காதவரை, நம் பையன் கைப்பிடியை இழுத்துக்கொண்டே இருப்பான், செட்டிங் நேரத்தில் டீக்கடையில் நிற்பான்.