மேசையும் மனச்சாட்சியும்

"மேசையைத் துப்புரவாக வைத்துக்கொள்வதும் ஒரு புண்ணியமா? அது அவரவர் பழக்கம். ஆத்துமத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்பதுண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படியே எண்ணியிருந்தேன். ஒரு விதவைத் தாயார்தான் அந்த எண்ணத்தை மாற்றினார்.

ஓர் அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த நாட்கள் அவை. என் மேசைமேல் கோப்புக் கட்டுகள் குவிந்து கிடக்கும். பார்ப்பவர்கள், "பாவம், எவ்வளவு வேலை!" என்பார்கள், அதைக் கேட்க எனக்கும் பெருமைதான். காலஞ்சென்ற கணவரின் குடும்ப ஓய்வூதியத்துக்காக அந்த அம்மாள் மூன்று முறை வந்தார். மூன்று முறையும், "உங்கள் மனு என் கைக்கு வரவில்லை, அம்மா" என்று சொல்லி அனுப்பினேன். பொய் சொல்லும் நினைவு எனக்கில்லை. வரவில்லை என்றே நம்பினேன். தன்பதிவேட்டில் அதைப் பதியாமல் விட்டிருந்தேன். மாதக் கடைசியில் வேறொரு காகிதத்தைத் தேடும்போது, அந்த மனு என் மேசையிலேயே ஒரு கட்டின் அடியில் அகப்பட்டது. கூலி வேலை செய்து பிழைத்த அந்த அம்மாள், வந்த ஒவ்வொரு நாளும் அன்றைய கூலியை இழந்திருந்தார்.

அன்றிரவு ஆத்தும சோதனை செய்தபோது, ஏழாம் கற்பனை என் முன் வந்து நின்றது. நான் ஒருவர் காசையும் தொட்டதில்லை. ஆனாலும் ஓர் ஏழையின் மூன்று நாள் கூலி என்னால் போயிற்றே! மறுநாளே மனுவை மேலே அனுப்பிவிட்டு, அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "கிடைச்சதே போதும், ஐயா" என்றார். அவர் ஏசியிருந்தால் என் மனம் அவ்வளவு நொந்திராது.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. மேசை என்னுடையதாயினும், அதன்மேல் இருப்பவை பிறருடைய காரியங்கள். அவற்றை ஒழுங்காக வைப்பது அழகுக்காக அல்ல, நீதிக்காக.

6-ம் நூற்றாண்டில் அர்ச். ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய சட்டத்தில், மடத்தின் தட்டுமுட்டுகளையெல்லாம் பீடத்தின் திருப்பாத்திரங்களைப் போல் பாவிக்கும்படி உக்கிராணக்காரருக்குக் கட்டளையிட்டார். மடத்துப் பொருட்களை அசட்டையாய் வைப்பவர் கண்டிக்கப்படவேண்டும் என்றும் விதித்தார். மண்வெட்டிக்கும் சட்டிக்கும் இவ்வளவு மரியாதை உண்டென்றால், ஓர் ஏழையின் மனுவுக்கு எவ்வளவு இருக்கவேண்டும்!

ஆனால் இதிலும் ஒரு சோதனை உண்டு. கட்டுகளையெல்லாம் இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டால் மேசை பளபளக்கும். வேலையோ அப்படியே கிடக்கும். கிண்ணத்தின் வெளிப்புறத்தை மட்டும் கழுவிய பரிசேயரை நம் ஆண்டவர் கடிந்துகொண்டது நமக்குத் தெரியும். ஆகையால் அடுத்தவர் மேசையைப் பார்த்து அவர் ஆத்துமத்தை அளக்கவேண்டாம். நம் மேசையைப் பார்த்து நம்மையே கேட்டுக்கொள்வோம். இக்காலத்தில் பல மனுக்கள் கணினி வழியாக வருகின்றன. அங்கே தூசி படியாது. ஆனால் திறந்து பார்க்காத மனுவுக்காகக் காத்திருப்பவரின் வருத்தம் ஒன்றேதான்.

வேலை முடியும் நேரத்தில் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். இன்று வந்தது எது, முடிந்தது எது, யார் காத்திருக்கிறார் என்று பாருங்கள். இரவில் நாம் செய்யும் ஆத்தும சோதனையைப் போன்றதே இதுவும். வீட்டில் பிள்ளைகளும் படித்து முடித்தபின் புத்தகங்களை அடுக்கி வைக்கப் பழகட்டும். நாளைக்கு அவர்கள் கைக்கும் பிறர் காரியங்கள் வந்து சேரும்.

1955-ம் ஆண்டில் பாப்பரசர் 12-ம் பத்திநாதர், மே மாதம் 1-ந் தேதியைத் தொழிலாளரான அர்ச். சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். நசரேத்தூர்ப் பட்டறையில் உழைத்த அந்தப் புனிதரை நோக்கி, நம்மை நம்பிக் காத்திருப்பவர் ஒருவரையும் மறவாதிருக்கும் வரத்தை நமக்காக மன்றாடும்படி கேட்போமாக.