காலடிகளின் கணக்கு

ஒரு மனிதன் தன் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குக் குடிபோகத் தீர்மானிக்கும்போது அது அவனுடைய சொந்த விஷயம் மட்டும்தானா? விட்டுப் போகும் ஊருக்கும் அதில் பேச ஏதும் உரிமை உண்டா? நம்மவர் மத்தியில் இது ஒரு தார்மீகக் கேள்வியாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. வீடு, பாடசாலை, வருமானம் என்ற மூன்றையும் நிறுத்துப் பார்த்து முடிவெடுக்கிறோம். இரணம் எங்கே எழுதப்பட்டிருக்கிறதோ அங்கே போகத்தானே வேண்டும் என்று பிறகு ஆறுதலும் கொள்கிறோம்.

எனக்கு இந்தக் கேள்வி ஏட்டளவில் வந்ததல்ல. என் மனைவியின் உறவினர் ஒருவருக்குக் காலிக் கோட்டைக்குள் பழைய வீடொன்று இருக்கிறது. அவர் குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறார். வீட்டைப் பூட்டி வைக்கவும் மனமில்லை, விற்கவும் மனமில்லை. சொற்ப வாடகைக்கு எங்களைக் குடியிருக்கச் சொன்னார். இடமாற்றம் எடுப்பதும் முடியாத காரியமல்ல. நாங்கள் இருப்பது மாத்தறை மாவட்டத்தின் உட்பகுதியிலுள்ள ஒரு கிராமத்தில். பட்டினம் போக இரண்டு பஸ் ஏற வேண்டும்.

கோட்டையை அறிந்தவர்களுக்கு அதன் கவர்ச்சியைச் சொல்லத் தேவையில்லை. 1588இல் போர்த்துக்கேயர் தொடங்கி, 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றி விரிவாக்கிய இடம் அது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கால்மணி நேரத்தில் நடந்துவிடலாம். அகன்ற விறாந்தை வைத்த வீடுகள், நிழல் விழும் ஒடுங்கிய வீதிகள், மாலையில் மதில்மேல் காற்று. வெளிச்சவீட்டுக்கு முன்னால் ஜும்ஆப் பள்ளிவாசல். பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அறபுக் கல்லூரியும் உள்ளேதான். தெருவோரம் நடப்பவன் பின்னால் வரும் பஸ்ஸுக்குப் பயந்து கானுக்குள் இறங்க வேண்டியதில்லை. 1988இல் உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பிறகு அந்த அமைப்பைக் குலைக்கவும் எவருக்கும் அனுமதியில்லை. மனிதனின் காலை அளவாக வைத்துக் கட்டிய ஊர் என்றால் அதுதான்.

ஆனால் அந்த வீதிகளில் நடந்தவர்கள் எங்கே? தலைமுறை தலைமுறையாகக் கோட்டைக்குள் வாழ்ந்தவர்களில் பெரும் பங்கினர் நம்மவர்கள். வெளிநாட்டவர் காணி வாங்குவதற்கு இருந்த நூறு சதவீத வரி 2002இல் நீக்கப்பட்டது. அந்த வரி 2004இல் திரும்ப விதிக்கப்படுவதற்குள் பல வீடுகள் கைமாறிவிட்டன. விற்றவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. பல வாரிசுகளுக்குப் பங்கு வைக்க வேண்டிய ஒரு வீட்டுக்கு, கனவிலும் காணாத விலை கிடைத்தால் யார்தான் விற்கமாட்டார்? அந்த வீடுகள் பின்னர் ஹோட்டல்களும் கடைகளுமாயின. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது கோட்டை மதில் உள்ளே இருந்தவர்களைக் காத்தது. கடலைத் தடுத்த மதிலால் பணத்தைத் தடுக்க முடியவில்லை.

அப்படியானால், நடக்க வசதியான ஊர் என்பது ஒன்று, நடந்து போய்ச் சலாம் சொல்ல ஆளிருக்கும் ஊர் என்பது வேறொன்று. முதலாவதைக் கல்லால் கட்டிவிடலாம். இரண்டாவது, இருப்பவர்கள் இருந்துகொண்டிருப்பதால் மட்டுமே உண்டாவது.

இந்த இடத்தில் பனூ ஸலிமா கோத்திரத்தாரின் சம்பவம் நினைவுக்கு வருகிறது. அவர்களுடைய குடியிருப்பு மதீனாப் பள்ளிவாசலுக்குத் தொலைவில் இருந்தது. பள்ளிக்கு அருகே நிலம் காலியானபோது அங்கே வந்து குடியேற விரும்பினார்கள். அவர்களுடைய ஆசை உலக ஆசையல்ல, தொழுகைக்காகத்தான். இருந்தும் நபி (ஸல்) அவர்கள், உங்கள் வீடுகளிலேயே இருங்கள், உங்கள் காலடிகள் பதியப்படுகின்றன என்ற கருத்தில் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மதீனாவின் எல்லைப்புறம் வெறிச்சோடிப் போவதை அவர்கள் விரும்பவில்லை என்று புகாரியின் அறிவிப்பொன்று காரணமும் சொல்கிறது. நன்மைக்காக இடம்பெயர்வதிலும் விட்டுப்போகும் இடத்தின் வெறுமை கணக்கில் வரும் என்பதே நான் இதில் காணும் பாடம்.

எங்கள் கிராமம் அப்படித்தான் வெறுமையாகிறது. கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் போனவர்களை எண்ணிப் பார்த்தேன். வலயக் கல்விப் பணிமனைக்குப் போய் வாதாடக் கூடியவர்கள், ஒரு மனுவை ஒழுங்காக எழுதக் கூடியவர்கள், நியாயமில்லாத இடத்தில் எழுந்து பேசக் கூடியவர்கள் என எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் பட்டினம் போய்விட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒருவருக்குப் பிள்ளையின் படிப்பு, ஒருவருக்குத் தாயின் வைத்தியம். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு காரணமும் நியாயம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், போக வழியில்லாத ஏழையின் பிள்ளைக்கு இழைக்கப்பட்ட அநியாயம். உயர்தர விஞ்ஞான வகுப்பு எங்களுக்கு இன்னும் கிடைக்காததற்கு, கேட்க ஆளில்லாததும் ஒரு காரணம்.

மறுபக்கமும் வலுவானது. அல்லாஹ்வின் பூமி விசாலமானதாக இல்லையா என்ற கேள்வி குர்ஆனிலேயே (4:97) இருக்கிறது. நம்முடைய ஆண்டுக் கணக்கே ஓர் இடப்பெயர்விலிருந்துதான் ஆரம்பிக்கிறது. மகள் அடுத்த வருடம் சாதாரணதரம் எழுதுகிறாள், விஞ்ஞானம் படிக்க விரும்புகிறாள். ஊருக்கு நான் பட்ட கடனை மகளின் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டுவதற்கு எனக்கு உரிமை கிடையாது. பனூ ஸலிமா கோத்திரத்தார் இருந்த இடத்திலிருந்தும் நபியின் பள்ளிக்கு நடந்தே வந்து சேர முடிந்தது. விஞ்ஞான வகுப்புக்கு எங்கள் ஊரிலிருந்து நடக்க முடியாது.

இதையெல்லாம் நான் மனைவியிடம் சொன்னபோது அவள் கேட்ட கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. “ஒங்களுக்கு அஞ்சு நேரமும் பள்ளிக்கி நடந்து போகேலும். நான் எங்க நடந்து போற? ஏன்ட எந்தக் காலடிய மலக்குமார் எழுதுற?”

நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் ஆண் நடந்தால் அது நடை. பெண் நடந்தால் எங்கே போகிறாள், யாரோடு போகிறாள் என்பது சந்திக்கடையில் ஒரு விசாரணை. வாசிகசாலைக்கு வெளியிலேயே ஆண்கள் நிறைந்திருப்பார்கள். கோட்டையில் அவள் மகளோடு பின்னேரம் மதில்மேல் நடக்கலாம், புத்தகக் கடைக்குப் போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். நான் ஊரின் குறை என்று நினைத்த அந்நியத்தன்மையை அவள் ஓர் விடுதலை என்று காண்கிறாள். பாதி ஜனத்தொகையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, சலாம் சொல்ல ஆளிருக்கும் ஊர் என்று பெருமைப்படுவதில் எவ்வளவு அர்த்தமிருக்கிறது?

ஆகவே நாங்கள் இருவரும் பேசி எடுத்த முடிவு இதுதான். இப்போதைக்குப் போவதில்லை. ஆனால் இருப்பது நிபந்தனையோடு. வாரத்தில் மூன்று பின்னேரம் வாசிகசாலையைப் பெண்களுக்கு மட்டும் திறக்க வேண்டும், அவர்கள் வந்துபோகும் பாதையோரப் பற்றையை வெட்டி மின்விளக்குப் போட வேண்டும் என்று பள்ளிவாசல் பரிபாலன சபையிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். விஞ்ஞான வகுப்புக்கான மனுவில், ஊரை விட்டுப் போனவர்களிடமும் கையொப்பம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். போனதில் பிழையில்லை, கடன் மட்டும் தீரவில்லை என்று அவர்களிடம் சொல்கிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

மகளின் பெறுபேறு வரும்வரை பார்ப்போம். அதற்குள் இரண்டில் ஒன்றாவது நடக்காவிட்டால் நாங்களும் போவோம். அந்த வீடு அதுவரை காத்திருக்காது என்பது தெரியும். அவருக்குத் தாமதமில்லாமல் பதில் அனுப்பிவிட்டோம், வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொள்ளட்டும். ஊரில் இருப்பது தன்னளவில் ஒரு நன்மையல்ல. இருப்பவன் எதற்காக நடக்கிறான், அவனோடு யாரெல்லாம் நடக்க முடிகிறது என்பதில்தான் அதன் பெறுமதி இருக்கிறது.