சுரங்கத்தின் இயல்பும் இறைவனின் ஏற்பாடும்

துருக்கியின் சோமா நிலக்கரிச் சுரங்கத்தில் 2014 மே 13 அன்று நேர்ந்த தீவிபத்தில் 301 தொழிலாளர்கள் மாண்டபோது, அந்நாட்டுப் பிரதமராயிருந்த ரெசெப் தையிப் எர்தோகன் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சுரங்க விபத்துகளை ஆண்டு வாரியாகப் பட்டியலிட்டு, இவை இத்தொழிலின் ‘ஃபித்ரத்’திலேயே, அதாவது படைக்கப்பட்டபோதே அமைந்த இயல்பிலேயே உள்ளவை என்றார். 2022 அக்டோபரில் கருங்கடல் கரையிலுள்ள அமஸ்ராவின் அரசுச் சுரங்கம் வெடித்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும், குடியரசுத் தலைவராகிவிட்டிருந்த அவர் விதியின் திட்டத்தில் தமக்கு நம்பிக்கை உண்டு என்றே பேசினார். இக்கூற்றுகளுக்கு எழுந்த எதிர்ப்பை வெறும் கட்சிச் சண்டையாக ஒதுக்கிவிட இயலாது. நடப்பவையெல்லாம் இறைவனின் ஏற்பாடு எனில் மனிதனின் முன்னெச்சரிக்கைக்கு என்ன பொருள், தவறியவன்மீது குற்றம் எவ்வாறு சாரும் என்னும் பழைய வினா அதன் அடியில் கிடக்கிறது.

‘கத்ர்’ எனப்படும் இறைவிதியை நம்புவது சுன்னி முஸ்லிம்களின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் துருக்கியரிடையே வேரூன்றியது, சமர்கந்தில் வாழ்ந்து 944இல் மறைந்த மாதுரீதியின் இறையியல். செயலைப் படைப்பவன் இறைவனே என்று ஒப்பும் அந்த மரபு, அதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை மெய்யாகவே மனிதனிடம் உள்ளதென்றும், அதனாலேயே அவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்றும் கொள்கிறது. இதற்கும் முந்தையது கலீஃபா உமரைப் பற்றிய செய்தி. சிரியாவை நோக்கிச் சென்றவர் அங்கே கொள்ளைநோய் பரவியதை அறிந்து திரும்ப முடிவெடுத்தபோது, இறைவிதியைவிட்டு ஓடுகிறீரோ என்று நபித்தோழர் அபூ உபைதா கேட்டார். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக விடையளித்த உமர், ஒருபுறம் பசுமையும் மறுபுறம் வறட்சியுமான பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எப்புறம் மேய்த்தாலும் அது இறைவிதியே அல்லவா என்று திருப்பிக் கேட்டார். விதியை நம்புவதும் நோயை அறிந்தபின் விலகுவதும் அவருக்கு முரண்படவில்லை; அறிந்தபின் என்பதே இங்கு முதன்மையானது.

நிலக்கரிச் சுரங்கத்தில் அறியத்தக்கவை பல. கரிப்படுகையிலிருந்து கசியும் மீத்தேன், காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதே வெடிக்கும். அதன் அளவைக் கருவி காட்டும், விசிறிகள் செலுத்தும் புதுக்காற்று குறைக்கும். வெடிப்பை நெடுந்தொலைவு இழுத்துச் செல்லும் கரித்தூளை அடக்கச் சுண்ணாம்புக்கல் பொடியைத் தூவுவது நெடுங்கால வழக்கம். சோமாவில் பெரும்பாலோரைக் கொன்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. குருதியின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றுவதால், மூச்சு விடுபவர் தாம் திணறுவதை உணருமுன்பே கால்கள் தளர்ந்துவிடும். எனவேதான் இடுப்பில் தொங்கும் முகக்கவசம் பழுதின்றி இருப்பதும், காற்றோட்டத்தின் திசையை முன்கூட்டியே வகுத்திருப்பதும் உயிர்ப் பிரச்சினையாகின்றன. அமஸ்ராவில் 300 மீட்டர் ஆழத்தை எட்டிய நிலையில் திடீர் வாயு வெளிப்பாட்டின் அபாயம் கூடுகிறதென்று துருக்கியின் தணிக்கை மன்றம் 2019ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எழுதியிருந்தது. சோமாச் சுரங்கங்களை ஆராயக் கோரிய தீர்மானத்தை நாடாளுமன்றம் விபத்துக்கு இரு வாரம் முன்னர்தான் நிராகரித்திருந்தது. உமருக்குக் கிடைத்ததைவிடக் குறைந்த எச்சரிக்கை என்று இதைச் சொல்ல முடியாது.

இதனால் அறிவு அனைத்தையும் வென்றுவிடும் என்று ஆகிவிடாது. 1815இல் ஹம்ஃப்ரி டேவி வடித்த காப்பு விளக்கு வந்ததும், வாயு மிகுதியால் கைவிடப்பட்டிருந்த படுகைகளுக்குள்ளும் உரிமையாளர்கள் ஆட்களை இறக்கினர். காக்க வந்த கருவியே அபாயத்தை நோக்கி வழிகாட்டிற்று. எவ்வளவு அளந்தாலும் மலைக்குள் அளவுக்கு அகப்படாதது சிறிது எஞ்சும், அதை விதி என்று சொல்வதில் நேர்மைக்குறைவு இல்லை. ஆனால் எஞ்சியது எவ்வளவு என்பது முயன்ற பின்னரே தெரியும். எர்தோகன் சுட்டிய விபத்துகளுள் ஒன்று, 361 பேரைக் கொன்ற 1866ஆம் ஆண்டின் ஓக்ஸ் சுரங்க வெடிப்பு. அந்த இங்கிலாந்தில் பின்னர் சட்டங்களும் ஆய்வாளர்களும் தொழிற்சங்கங்களும் தொழிலை வெகுவாக மாற்றினர். அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் 1907இல் இறந்தோர் 3,242 பேர். 2020இல் 5 பேர். ஆட்கள் குறைந்ததும் இதற்கு ஒரு காரணமே எனினும், இயல்பு என்று சொல்லப்பட்டது இவ்வளவு தூரம் நகருமானால் அது இயல்பாக இருந்திருக்க முடியாது.

யார் சொல்கிறார் என்பதையும் பார்க்கவேண்டும். இடிபாட்டில் நசுங்கியோரையும் நீரில் மூழ்கியோரையும் உயிர்த்தியாகிகளாகிய ஷஹீதுகளாகக் கருதும் நபிமொழி மரபு உண்டு. மகனைப் புதைத்த தாய் அதைப் பற்றிக்கொண்டு துயரைத் தாங்கும்போது அந்நம்பிக்கை தன் பணியைச் செய்கிறது. அதே சொல்லை உரிமம் வழங்கியவரும் மேற்பார்வையிட வேண்டியவரும் எடுக்கும்போது, பிறர் இழந்ததைக் கொண்டு தம் கணக்கைத் தீர்க்கிறார்கள். இறைவனிடம் சரணடைபவர் தம்முடையதையே ஒப்படைக்க இயலும்.

2018இல் சோமா வழக்கில் தீர்ப்பளித்த நீதிமன்றம் மேலாளர்கள் சிலரை ‘உணர்ந்தே செய்த அலட்சியம்’ என்னும் பிரிவின்கீழ்த் தண்டித்தது: விளைவு நேரக்கூடும் என்று கண்டவர், நேராது என்று நம்பிச் செயலைத் தொடர்ந்தார் என்பது அதன் பொருள். இறந்தோரின் குடும்பங்கள் கேட்டதோ அதனினும் கடிய பிரிவு, அதாவது நேர்ந்தால் நேரட்டும் என்று விளைவை ஏற்றுக்கொண்ட நிலை. மாதுரீதியின் மரபில் வந்த இறையியலாளர் ஒருவர் அந்த மேலாளரிடம் கேட்கக்கூடிய கேள்வியும் இவ்விரண்டில் எது அவர் மனத்தில் இருந்தது என்பதாகவே இருக்கும்.