நேர்மையான தராசு மட்டும் போதுமா?



ஒரு வாணிப நகரைக் கற்பனை செய்து வரையும்படி உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். துறைமுகத்தை வரைவார்கள், பாய்க்கப்பல்களையும் கடைத்தெருவையும் மூட்டை சுமப்போரையும் வரைவார்கள். ஆனால் அந்நகரில் விலையைத் தீர்மானிப்பவர் யார், அதை மறுத்துப் பேச யாரால் முடியும் என்பதை எந்தப் படத்திலும் காணமாட்டீர்கள். ஆயினும் ஒரு நகர் நல்ல நகரா என்பது இதில்தான் தங்கியிருக்கிறது.

நமது பழம்புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இதை மறக்கவில்லை. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தை வருணிக்கும் அவரது பட்டினப்பாலை, கடல்வழி வந்த குதிரைகளையும் மிளகுப் பொதிகளையும் நம் ஈழத்திலிருந்து சென்ற உணவுப் பொருளையும் சொல்வதோடு நின்றுவிடாது, அங்குள்ள வணிகரின் நெஞ்சையும் சொல்கிறது. பிறர் பொருளையும் தம் பொருளாகவே மதித்து, வாங்கவும் விற்கவும் ஒரே அளவைக் கைக்கொண்டவர்களாம் அவர்கள்.

இனி, நமது குருநகர்க் கரைக்கு வருவோம். விடியற்காலையில் வள்ளம் கரை சேர்கிறது. மீன் நிறுக்கப்படுகிறது. தராசில் குற்றமில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் பெற்ற தொழிலாளி, பிடித்ததையெல்லாம் கடன் கொடுத்தவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கவேண்டும் என்ற வழக்கம் கடலோரங்கள் பலவற்றில் உண்டு. “அவர் சம்மதித்துத்தானே கொடுக்கிறார், இதில் பாவம் எங்கே?” என்று கேட்பவர் உளர்.

இக்கேள்விக்குத் திருச்சபை பதில் சொல்லியிருக்கிறது. 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல், கூலியைப் பற்றிப் பேசுகையில், இருவரின் சம்மதத்துக்கும் மேலான நீதி ஒன்று உண்டென்று போதித்தது. தேவையின் நெருக்கத்தாலோ அச்சத்தாலோ ஒருவன் கடினமான நிபந்தனைக்கு இணங்கினால், அவன் பலவந்தத்துக்கும் அநீதிக்கும் ஆளானவனே. 1967இல் பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் இதே போதனையை நாடுகளுக்கிடையிலான வர்த்தகத்துக்கும் விரித்துரைத்தார். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அத்தகைய நாளில் கை நீட்டுபவனின் ‘சரி’ என்ற சொல்லில் எவ்வளவு சுதந்திரம் இருக்கும்?

எனினும் வியாபாரிக்கும் நாம் நியாயம் செய்யவேண்டும். அவர் கொடுத்த பணம் கடலோடு போகலாம். வாங்கிய மீன் விலைப்படாது பழுதாகலாம். குடும்பத்தைத் தாங்கவும் ஏழைகளுக்கு உதவவும் ஊருக்குத் தேவையானதைக் கொண்டுவந்து சேர்க்கவும் அளவான இலாபம் தேடுவது தகும் என்று புனித தோமஸ் அக்குவினாரே கற்பித்தார். ஆகவே குற்றம் இலாபத்தில் இல்லை. கடனைக் காட்டி அடுத்தவரின் வாயை அடைப்பதிலேயே இருக்கிறது.

இதற்கு வழி இல்லாமலில்லை. கடனை ஒரு கணக்காகவும் மீன் விலையை வேறு கணக்காகவும் எழுதுங்கள். அன்றைய கரை விலையைக் கொடுத்து, அதிலிருந்து பேசிய தவணையைக் கழியுங்கள். கணக்கை அவர் பார்க்கும்படி வையுங்கள். கூட்டுறவுச் சங்கம் முற்பணம் கொடுக்க முன்வருமானால், அதைக் கெடுக்க நினையாதீர்கள்.

குருநகர் ஆலயத்தின் பாதுகாவலரான புனித யாகப்பர் ஒரு மீனவர். அவரது தந்தை செபதேயுவின் வள்ளத்தில் கூலியாட்களும் இருந்தார்கள் என்று மாற்கு நற்செய்தி சொல்கிறது. முதலாளியும் தொழிலாளியும் ஏறிய அந்த வள்ளத்தின் அருகில்தான் ஆண்டவர் வந்து நின்று அழைத்தார்.

ஆகவே வாசகரே, நீங்கள் கடன் கொடுப்பவரானாலும், சந்தையில் மீன் விற்கும் பெண்ணோடு பொழுதுசாயும் நேரத்தில் பேரம் பேசுபவரானாலும், இன்றிரவு ஆத்தும சோதனை செய்கையில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: “இந்த விலைக்குத் தரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு உண்மையில் வழி இருந்ததா?”