மலைப்பாதை விபத்தும் வினைக் கோட்பாடும்

விபத்தொன்றில் உயிர் போனால் அதற்கு இரண்டு விளக்கங்கள் தமிழ்ச் சமூகத்தில் அடுத்தடுத்து எழுகின்றன. இறந்தவரின் விதி அவ்வளவுதான் என்பது ஒன்று. வண்டியை ஓட்டியவர் கவனமாக ஓட்டவில்லை என்பது மற்றொன்று. இழவு வீட்டில் ஒரே மனிதர் இரண்டையும் சொல்லக் கேட்கலாம். அதில் முரண்பாடு இருப்பதாக யாரும் எண்ணுவதில்லை. ஆனால் இழந்த குடும்பத்துக்கு யார் என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்ற கேள்வி வரும்போது இவ்விரு விளக்கங்களும் மோதிக்கொள்கின்றன. பெரும்பாலும் முதலாவது இரண்டாவதன் வாயை அடைத்துவிடுகிறது. வண்டிக்குக் காப்பீடு இல்லை, உரிமையாளரிடம் பணமும் இல்லை என்ற நிலையில் இம்மோதல் மேலும் கூர்மையாகிறது. ஏனெனில் கொடுப்பதற்கு யாரும் இல்லை என்ற நடைமுறை உண்மை, கேட்பதற்கு நியாயமே இல்லை என்ற சமய முடிவாக அங்கே மெல்ல உருமாறுகிறது. அந்த உருமாற்றத்துக்கு வினைக் கோட்பாடு இடம் தருகிறதா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ஜவ்வாது மலை இக்கேள்வியை வெறும் கற்பனையாக விட்டுவைப்பதில்லை. சென்னையில் கைப்பேசிச் செயலி வழியே வாடகைக் கார் அழைப்பவருக்கும் அவருடைய பயணத்துக்கும் இடையில் உரிமம் பெறக் கடமைப்பட்ட ஒரு நிறுவனமாவது நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 93-ஆவது பிரிவில் அத்தகைய நிறுவனங்களை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. ஆனால் மலைமேல் ஜமுனாமரத்தூருக்கோ புதூர்நாட்டுக்கோ வந்துபோகும் மலையாளிப் பழங்குடி மக்களில் பலருக்குக் கட்டணத்தைப் பகிர்ந்து போகும் பயணம் என்பது சரக்கு வேனின் பின்புறத்தில் நின்றுகொண்டு போவதுதான். பேருந்து எட்டாத சிற்றூர்களில் சாமை மூட்டையும் புளியும் பலாப்பழமும் ஏறும் வண்டியிலேயே கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆட்களும் ஏறுகிறார்கள். 2022 ஏப்ரல் 2 அன்று, யுகாதி நாளில், புலியூரிலிருந்து சேம்பரை ஆஞ்சநேயர் கோயிலுக்குச் சென்றவர்களின் வேன் மலைப்பாதையில் கவிழ்ந்து பள்ளத்தில் விழுந்ததில் 11 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுமிகளும். தெய்வத்தைக் காணச் செல்லும் வழியில் நேர்ந்த சாவு என்பதால், இது ஏன் நடந்தது என்ற சமயக் கேள்வியை அங்கே யாராலும் ஒதுக்கிவிட முடியாது.

மலை மக்களின் வழிபாடு சாத்திர நூல்களைச் சார்ந்ததன்று. எனினும் வினையைப் பற்றித் தமிழில் மிகத் தெளிவாக வகுத்துரைத்தது சைவ சித்தாந்தமே ஆதலால் அதன் சொற்களைக் கொண்டு இக்கேள்வியை அணுகுவது பயனுடையது. சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. பல பிறவிகளில் சேர்ந்து, பயன் தராமல் கிடப்பில் இருப்பது சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவியில் நுகர்வதற்கென வந்து சேர்ந்த பகுதி பிராரத்துவம். அதை நுகரும்போதே மனிதர் புதிதாகச் செய்து சேர்த்துக்கொள்ளும் வினை ஆகாமியம். விதி என்று பேச்சு வழக்கில் சொல்லப்படுவது ஏறக்குறைய பிராரத்துவமே. பள்ளத்தில் விழுந்து இறந்தவரின் துன்பத்தை அவருடைய பிராரத்துவம் என்று ஒருவர் நம்பலாம். அந்த நம்பிக்கையை மறுத்து நிறுவும் வழி சட்டத்துக்கும் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் அத்தகைய விபத்தொன்றில் தேய்ந்த சக்கரத்தோடு வண்டியை இறக்கியிருந்தால், காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால், ஏற்றக்கூடாத இடத்தில் ஆட்களை ஏற்றியிருந்தால், அவை ஓட்டுநரும் உரிமையாளரும் புதிதாகச் செய்தவை. அவை அவர்களுடைய ஆகாமியம். ஒருவர் நுகரும் வினை இன்னொருவர் செய்யும் வினையைக் கழித்துவிடும் என்று சித்தாந்தம் எங்கும் கூறவில்லை. அப்படிக் கழியுமென்றால் கொலைகூடக் குற்றமாகாது, அறம் என்ற பேச்சுக்கே இடமிராது. ஆகவே விதி என்ற சொல் துயரப்படுபவர் தம்மைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் வரை அதற்குப் பொருள் உண்டு. கடன்பட்டவர் அதையே தம் விடையாகச் சொல்லும்போது அது வினைக் கோட்பாடு அன்று. வினைக் கோட்பாட்டின் திரிபு.

வண்டிச் சக்கரத்தில் நேர்ந்த சாவைப் பற்றித் தமிழ் மரபு மிக நீண்ட காலமாகச் சிந்தித்து வந்திருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் ஏறிச் சென்ற தேரின் சக்கரத்தில் கன்று ஒன்று சிக்கி இறந்த கதை அதற்குச் சான்று. கொல்லும் எண்ணம் இளவரசனுக்கு இல்லை. கன்றுதான் துள்ளி வந்து விழுந்தது. பெரியபுராணம் இக்கதையைக் கூறும்போது அமைச்சர்களின் யோசனை ஒன்றையும் பதிவு செய்கிறது. பசுவதைக்கு விதிக்கப்பட்ட பிராயச்சித்தத்தை, அதாவது செய்தவர் தம் பாவம் நீங்கச் செய்துகொள்ளும் சடங்கை, இளவரசன் செய்தால் போதும் என்கிறார்கள். அரசன் அதை ஏற்கவில்லை. அச்சடங்கு கன்றை இழந்த தாய்ப்பசுவின் துயருக்கு மருந்தாகுமா என்பதே அவன் கேள்வி. இக்கேள்வியின் ஆழத்துக்கு அதன் பின் வரும் தண்டனையின் கொடுமை ஈடாகவில்லை என்றே சொல்ல வேண்டும். மகனைத் தேர்க்காலில் இடுவதாலும் பசுவுக்குக் கன்று திரும்பவில்லை. இறைவன் தோன்றி எழுப்பித் தந்ததால்தான் கதை முடிகிறது. ஆனால் செய்தவரைத் தூய்மைப்படுத்துவது வேறு, இழந்தவரின் இழப்பைப் போக்குவது வேறு என்ற பிரிவினையை அரசன் கண்டுகொண்டான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை இருப்பதற்கும், மாவட்ட ஆட்சியர்கள் சிற்றூர்களில் நடத்தும் குறைகேட்பு முகாமுக்கு மனுநீதி நாள் என்று பெயர் இருப்பதற்கும் இந்தக் கேள்வியே தகுந்த காரணமாகும்.

காப்பீடு இல்லாத வண்டியின் மீது சட்டம் எடுக்கும் நடவடிக்கையிலும் இதே பிரிவினை தெரிகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு, பிறருக்கு நேரும் தீங்குக்கான காப்பீடு இன்றி எந்த வண்டியும் பொதுச்சாலையில் ஓடக்கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று 196-ஆவது பிரிவு விதிக்கிறது. அந்த அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்காக ஓட்டுநர் சிறை சென்றாலும் இறந்தவரின் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு வேளைச் சோறு கிடைப்பதில்லை. அமைச்சர்கள் சொன்ன பிராயச்சித்தத்தின் இடத்தில் இன்று நிற்பவை இவையே. இழந்தவரை நோக்கிச் சட்டம் திரும்புவது இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில்தான்.

அங்கே முதலில் எதிர்ப்படும் சிக்கல், காப்பீடு இல்லை என்பதற்கு இரண்டு பொருள்கள் இருப்பது. வண்டிக்குக் காப்பீட்டுப் பத்திரமே இல்லாதது ஒன்று. பத்திரம் இருந்தும் அது பயணம் செய்தவரைத் தழுவாதது மற்றொன்று; மலைவாசிகளைப் பெரிதும் பாதிக்கக்கூடியது இதுவே. சரக்கு வாகனத்தில் செல்லும் சரக்கின் உரிமையாளரையும் அவருடைய பிரதிநிதியையும் 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது; வேறு பயணிகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பன்று என்று ஆஷா ராணி வழக்கிலும், பின்னர் பல்ஜித் கவுர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டாவது வழக்கில் இறந்தவர் திருமணம் ஒன்றுக்குச் சென்று சரக்கு வண்டியில் திரும்பிய இளைஞர். சட்டப்படி நிறுவனம் பொறுப்பில்லை என்று 2004-இல் கூறிய அதே தீர்ப்பு, அதுவரை சட்டம் தெளிவில்லாமல் இருந்ததைக் கருதி, நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று ஆணையிட்டது. ‘கொடுத்து வசூலித்தல்’ எனப்படும் இம்முறையைப் பிற்காலத் தீர்ப்புகள் சிலவும் பின்பற்றின. எல்லா வழக்கிலும் அது கிடைக்கும் என்ற உறுதி இல்லை. தர்க்கத்துக்கு இணங்காத இந்த ஆணைகளில் அறத்தின் நெருக்குதல் தெரிகிறது. சாமை மூட்டையின் மேல் உட்கார்ந்து போனவர் மூட்டைக்கு உரியவரா இல்லையா என்பதைப் பொறுத்து அவருடைய குழந்தைகளின் எதிர்காலம் முடிவாவதை நீதிபதிகளின் மனசாட்சியே ஏற்க மறுத்திருக்கிறது.

பத்திரமே இல்லாத வண்டி என்றால் உரிமையாளர் தாமே கொடுக்க வேண்டும். 166-ஆவது பிரிவின்படி கவனக்குறைவை நிறுவி முழு இழப்பீடு கேட்கலாம். அல்லது 164-ஆவது பிரிவின்படி யார் தவறு என்பதை நிறுவாமலே மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் கேட்கலாம். விபத்து நடந்த இடத்தில்தான் மனு செய்ய வேண்டும் என்பதில்லை; மனுதாரர் வாழும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் செய்யலாம். மனு செய்ய ஆறு மாதக் கெடு விதித்த திருத்தமும், போலீசார் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்த நாள் 2022 ஏப்ரல் 1. சேம்பரை விபத்துக்கு முந்தைய நாள். தீர்ப்பான தொகையை உரிமையாளர் கொடுக்காவிட்டால் 174-ஆவது பிரிவின்கீழ்த் தீர்ப்பாயம் மாவட்ட ஆட்சியருக்குச் சான்றிதழ் அனுப்பலாம். ஆட்சியர் அதை நிலவரிப் பாக்கிபோல் வசூலிப்பார். காப்பீடில்லாத வண்டியைப் பிணையின்றி விடுவிக்கக் கூடாது, பிணை தராவிட்டால் ஏலம் விட்டுத் தொகையைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும் என்ற தில்லி விதியை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டுமென 2018-இல் உஷா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் பணித்தது. இழப்பீடு தராத அரசுப் பேருந்தையே நீதிமன்ற ஊழியர்கள் ஜப்தி செய்வது தமிழ்நாட்டு நாளிதழ் வாசகர்களுக்குப் பழகிய செய்தி. ஆனால் பேருந்தின் பின்னால் அரசு இருக்கிறது. நொறுங்கிய வேனின் பின்னால் தவணைக் கடன்தான் இருக்கிறது.

இங்கேதான் சட்டத்தின் உள்ளிருக்கும் பெரிய அநீதி ஒன்று வெளிப்படுகிறது. மோதிய வண்டி எதுவென்றே கண்டறிய முடியாதபோது, இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் தரும் ஏற்பாடு 161-ஆவது பிரிவில் உண்டு. காப்பீடில்லாத வண்டியால் காயமுற்றவருக்கும், 2025-இல் அறிவிக்கப்பட்ட கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில் 1.5 லட்சம் வரை மருத்துவ உதவி உண்டு. ஆனால் வண்டி எது, உரிமையாளர் யார் என்பது ஊரறிந்தும் அவரிடம் காப்பீடும் இல்லை, சொத்தும் இல்லை என்றால் இறந்தவரின் குடும்பத்துக்கு எந்த நிதியிலிருந்தும் உரிமையாக இழப்பீடு இல்லை. தப்பி ஓடியவரால் இறந்தவரின் மனைவிக்குக் கிடைப்பது, அடுத்த தெருக்காரரால் இறந்தவரின் மனைவிக்குக் கிடைப்பதில்லை. பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து 1946-இல் நிறுவிய பொது அமைப்பு, காப்பீடில்லாத ஓட்டுநரால் பாதிக்கப்பட்டவருக்கும் இழப்பீடு வழங்கி வருகிறது. காப்பீடு என்பது அதன் உள்ளியல்பில் மொய்யைப் போன்றது. பலர் சிறிது சிறிதாகக் கொடுத்ததை இழந்தவர் கையில் சேர்ப்பது. தன் பங்கைக் கட்டாத ஒருவரின் தவறுக்காக, அவரால் அடிபட்டவரைப் பந்தியிலிருந்து எழுப்புவது நியாயமாகாது. தவறில்லாப் பொறுப்பு, அதாவது குற்றம் யாருடையது என்று பாராமல் பாதிக்கப்பட்டவரைத் தாங்கும் பொறுப்பு, சட்டமாக வேண்டுமென நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1970-களின் தீர்ப்புகளில் வற்புறுத்தினார். 1982-இல் அது முதன்முறையாகச் சட்டத்தில் நுழைந்தது. அந்தச் சிந்தனையின் எஞ்சிய பாதி இன்னும் நிறைவேறவில்லை. பேருந்து விடாத அரசும், சரக்கு வேனில் ஆள் ஏறுவதைப் பார்த்தும் பாராமலிருந்த சமூகமும் இந்த ஆகாமியத்தில் பங்குடையவை என்பதால், எஞ்சிய பாதி கருணை அன்று, நிலுவை.

உயிருக்கு விலை உண்டா என்ற தயக்கம் சமய மனத்தில் எழுவது இயல்பு. தீர்ப்பாயம் உயிரை விலை பேசுவதில்லை. அந்த உயிர் தாங்கியிருந்தவற்றைத்தான் கணக்கிடுகிறது. ஆண்டு வருமானத்தில் சொந்தச் செலவைக் கழித்து, வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கும் முறையை 2009-ஆம் ஆண்டின் சரளா வர்மா தீர்ப்பு நிலைப்படுத்தியது. சம்பளச் சீட்டே இல்லாத, காட்டில் நெல்லிக்காய் பொறுக்கி, சாமை விதைத்து, பிள்ளை வளர்த்த பெண்ணுக்கு எந்த வருமானத்தை எழுதுவது? வீட்டு வேலை செய்யும் பெண்ணின் உழைப்புக்கும் கற்பித வருமானம் வைத்துக் கணக்கிட வேண்டும் என்று 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை, மலைப்பெண்களின் வழக்குகளில் வழக்கறிஞர்கள் இன்னும் அழுத்தமாக எடுத்துவைக்க வேண்டும்.

இறுதியாக, மலைக்கே உரிய கடினமான கேள்வி ஒன்று எஞ்சுகிறது. வேனின் உரிமையாளர் பெரும்பாலும் வேற்று ஆள் அல்லர். மாமனாகவோ பங்காளியாகவோ இருப்பார், அவருடைய மகளும் அதே வண்டியில் இறந்திருக்கக்கூடும். அவர் மீது வழக்கா என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்பதிலும், ராஜியாகப் போகலாம் என்று சொல்வதிலும் உண்மையான அறம் ஒன்று இருக்கிறது. பொறுத்தல் தமிழ் அறநூல்கள் போற்றும் பண்பு. ஆயினும் பொறுப்பவர் தமக்கு உரியதைத்தான் விட்டுக்கொடுக்க முடியும். தாயை இழந்த நான்கு வயதுக் குழந்தையின் பங்கைப் பாட்டனோ ஊர்க்கவுண்டரோ மன்னித்துவிட முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டமும், நீதிமன்றத்தின் அனுமதியின்றி இளவருக்காகச் செய்யப்படும் சமரசம் அவரைக் கட்டுப்படுத்தாது என்கிறது. இளவரின் பங்கைத் தீர்ப்பாயம் வங்கியில் வைப்பாக வைத்து, வயது வந்த பின் அவர் கையில் கொடுக்கிறது. பழங்குடியினருக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவச வழக்கறிஞர் பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு வழங்குகிறது. திருப்பத்தூரிலும் திருவண்ணாமலையிலும் உள்ள ஆணைக்குழு அலுவலகங்களில் அந்த உதவியைக் கேட்கும் மனுவைக் குழந்தையின் பெயரால் எந்த உறவினரும் கொடுக்கலாம்.