குருதி தந்தவன் கேள்வி கேட்கலாகாதா?

நள்ளிரவில் கதவைத் தட்டுகிறார்கள். விரலை நீட்டச் சொல்கிறார்கள். குருதியில் சில துளிகளைக் கண்ணாடித் தகட்டில் ஏந்திச் செல்கிறார்கள். வந்தவர் மந்திரவாதிகள் அல்லர், ஆராய்ச்சியாளர்கள். யானைக்கால் நோயின் நுண்புழு இரவிலேதான் குருதியில் மிகுதியாக உலவும்; அதனால்தான் அந்த வேளை.

புதுவையில் 1975-இல் தோன்றிய நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் சில ஆண்டுகள் இந்நகரில் அந்நோயைப் பரப்பும் சாக்கடைக் கொசுவோடு போரிட்டது. கோயிலுக்குக் கால் உருவம் காணிக்கை செலுத்திக்கொண்டிருந்த நாட்டில் அது பகுத்தறிவின் பணி, போற்றுகிறோம். ஆயினும் ஒன்று கேட்போம். ஆராய்ச்சிக்குக் குருதி தரலாம், கொசு வளரும் குட்டையைத் தூர்க்கலாம், கணக்கெடுப்போருக்கு வழி காட்டலாம். எதை ஆராய்வது என்று முடிவுசெய்யும் மேசையில் மட்டும் அத்தெருவின் இளைஞனுக்கு நாற்காலி இல்லையா?

“நேற்றுப் பள்ளியை விட்டவன் மருத்துவ மேதைக்கு ஆலோசகனா? கொசு வாக்கெடுப்புக்குக் கட்டுப்படுமா?” என்று எள்ளி நகையாடுவர். கட்டுப்படாதுதான்! புழு உண்டா, இல்லையா என்பதை நுண்ணோக்கியே சொல்லட்டும். ஆனால், எவருடைய துன்பத்தைக் கணக்கில் கொள்வது என்பதை எந்த நுண்ணோக்கி சொல்லும்?

கால் பெருத்து ஆண்டுகள் பலவானவரின் குருதியில் பெரும்பாலும் நுண்புழு காணப்படுவதில்லை. புழுவை மட்டும் எண்ணும் ஏட்டில் அவர் நோயற்றவர்! கூலி போனதும், மகளின் மணம் தடைப்பட்டதும், மாதந்தோறும் காய்ச்சலில் துவள்வதும் அந்த ஏட்டில் ஏறா. புழுவைக் கொல்லும் மருந்து பெருத்த காலைச் சிறுக்க வைப்பதுமில்லை. நாள்தோறும் காலைக் கழுவித் துடைத்துப் பேணுவதே அக்காய்ச்சலைக் குறைக்கும். அப்படியொரு தாயோடு வாழும் மகள் ஆய்வுக் குழுவில் இருந்தால் முதல் நாளே கேட்பாள்: “என் அம்மாவுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?”

கேட்க ஆளில்லாவிடின் என்ன நேரும்? அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுற்ற 399 கறுப்பர்களை அரசு மருத்துவர்கள் மருத்துவமின்றி ‘ஆராய்ந்தனர்’. பெனிசிலின் கைக்கெட்டிய பின்னரும் கொடுத்தாரில்லர். அவர்களும் வெள்ளை அங்கி அணிந்தவர்களே! பூசாரியை நம்பியதுபோல் மருத்துவரை நம்புவது பகுத்தறிவாகாது, தோழர்களே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், அறநெறிக் குழுவில் துறைசாராத பொதுமனிதர் ஒருவர் இருக்கவேண்டும் என்கின்றன. நன்று. ஆனால், திட்டம் தீட்டி முடித்தபின் அன்றோ அது அக்குழுவின் முன் வருகிறது?

வெள்ளையர் பட்டணத்தையும் கறுப்பர் பட்டணத்தையும் பெரிய வாய்க்கால் பிரித்துவைத்த ஊர் இது. 1954-இல் ஆட்சி கைமாறிற்று. ஆராய்பவர் ஒரு கரை, ஆராயப்படுபவர் மறு கரை என்னும் பிரிவினை மட்டும் ஏன் நீடிக்கவேண்டும்? நலவாழ்வில் சமநீதி பேசும் ஆய்வுக்கே இக்கேள்வி முதலில் உரியது.

குருசுக்குப்பத்து மீனவப் பெண்ணையும் வைத்திக்குப்பத்து இளைஞனையும் திட்டம் எழுதுமுன் அழையுங்கள். தலைவரின் மைந்தர்களை அழைத்துவந்து கணக்குக் காட்டவேண்டாம். வருகின்ற நாளுக்குக் கூலி கொடுங்கள். பசியோடு வருபவர் தலையாட்டத்தான் செய்வார். முடிவுகளைத் தமிழில் அத்தெருவிலேயே படித்துக் காட்டுங்கள். அவர்கள் மறுத்துரைத்தால், அம்மறுப்பையும் அறிக்கையில் அச்சேற்றுங்கள்.